வயர்லெஸ் ஃப்ளாஷ் ட்ரிக்கர் அமைக்கும் முறை: ஃப்ளாஷில் தொடங்கி கேமராவில் முடியுங்கள்

கேமராவிலிருந்து தள்ளி வைத்த ஃப்ளாஷை ரேடியோ வழியாக அடிக்க வைக்கும் ட்ரிக்கரை மாட்டி ஷட்டரை அழுத்துகிறோம், ஃப்ளாஷ் அடிக்கவில்லை. உடனே கை தானாக ட்ரிக்கரின் மெனுவுக்குப் போகிறது. சேனலை மாற்றி, குரூப்பை மாற்றி, பேட்டரியைக் கழற்றி மாட்டி, ஐந்து நிமிடத்தில் எது முதலில் எப்படி இருந்தது என்பதே மறந்துவிடும். ட்ரிக்கர் உண்மையில் பழுதாவது அபூர்வம். எங்கோ ஓர் இணைப்பில் ஒரு சின்ன அமைப்பு தவறியிருக்கும், அவ்வளவுதான்.

இணைப்புகள் மொத்தம் மூன்று. கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவிலிருந்து ட்ரிக்கருக்கு மின் தொடர்பு. ட்ரிக்கரிலிருந்து ஃப்ளாஷுக்கு ரேடியோ. மூன்றாவது, சொன்னதைக் கேட்டு அடிக்கும் நிலையில் அந்த ஃப்ளாஷ் இருக்கிறதா என்பது. இவற்றைக் கடைசியிலிருந்து முதலுக்கு வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அப்படிச் செய்தால், எங்காவது நின்றுபோனால் தவறு எந்த இணைப்பில் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

முதலில் பொருத்தம் பாருங்கள்

ரேடியோ ட்ரிக்கர்களில் இரண்டு வகை. ஒன்று, "இப்போது அடி" என்ற ஒரே செய்தியை மட்டும் அனுப்புவது. அதன் அடியில் நடுவில் ஒரே ஒரு பின் இருக்கும். எந்த பிராண்டு கேமராவிலும் ஏறக்குறைய வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் ஃப்ளாஷின் பவரை மாற்ற ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். மற்றது, கேமராவோடு பேசக்கூடியது. பல பின்கள் இருக்கும். பவரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம், டிடிஎல் (கேமராவே அளந்து ஃப்ளாஷ் பவரைத் தீர்மானிப்பது) உண்டு, எச்எஸ்எஸ் (மிக வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷைப் பயன்படுத்துவது) உண்டு. இந்த வகையைக் கேமரா பிராண்டுக்கு ஏற்ற பதிப்பாகத்தான் வாங்க வேண்டும். கோடாக்ஸ் போன்ற நிறுவனங்கள் மாடல் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைப் போடுகின்றன: கேனனுக்கு சி, நிக்கானுக்கு என், சோனிக்கு எஸ், ஃபூஜிக்கு எஃப், ஒலிம்பஸுக்கும் பானாசோனிக்கிற்கும் சேர்த்து ஓ. நிக்கான் பதிப்பைக் கேனனில் செருகினால் நடு பின் மட்டும் தொடும். ஃப்ளாஷ் அடித்தாலும் அடிக்கும், ஆனால் டிடிஎல் வராது.

ஃப்ளாஷ் எந்த பிராண்டுப் பதிப்பு என்பது இதைவிடக் குறைந்த முக்கியத்துவம் உள்ளது. ஒரே நிறுவனத்தின் ஒரே ரேடியோ முறையில் இயங்கினால், நிக்கான் பதிப்பு ஃப்ளாஷைச் சோனிக்கான ட்ரிக்கரால் இயக்கலாம். கேமராவின் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டியது ட்ரிக்கர்தான். ஃப்ளாஷுக்கு அந்த ரேடியோ மொழி தெரிந்தால் போதும். அதே சமயம் ஒரு நிறுவனத்தின் ட்ரிக்கர் இன்னொரு நிறுவனத்தின் ஃப்ளாஷோடு பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டுமே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், அலைவரிசை ஒன்றானதால் பேச்சு ஒன்றாகிவிடாது.

கேனனின் சில தொடக்கநிலை மாடல்களில், 2000டி, 4000டி, 250டி போன்றவற்றில், ஹாட் ஷூவின் நடுவில் இருக்க வேண்டிய தொடர்பே கிடையாது. சில நாடுகளில் இவை 1500டி, 3000டி, 200டி மார்க் 2 என்ற பெயர்களில் விற்கப்பட்டன. ஒற்றைப் பின் ட்ரிக்கர் இவற்றில் வேலையே செய்யாது. வாங்கும் முன் ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் பெரிய வட்டமான உலோகப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நொடி போதும்.

பழைய ஃப்ளாஷ் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், அதன் ட்ரிக்கர் வோல்டேஜை அளக்காமல் எதிலும் மாட்டாதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களின் அடித் தொடர்பில் 200 வோல்ட்டுக்கு மேலும் நிற்கும். ஐஎஸ்ஓ 10330 தரம் கேமராக்கள் தாங்க வேண்டும் என்று சொல்வது 24 வோல்ட். ஃப்ளாஷை ஆன் செய்து, ரெடி விளக்கு எரிந்த பிறகு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டின் உயர்ந்த அளவில் வைத்து, ஒரு முனையை ஃப்ளாஷ் பாதத்தின் நடு பின்னிலும் மறுமுனையைப் பக்கவாட்டு உலோகத் தடத்திலும் வையுங்கள். விரல் படக்கூடாது. ஃப்ளாஷின் அடியில் மாட்டும் ரேடியோ ரிசீவர் வழியாக இணைத்தால் இந்த வோல்டேஜ் கேமராவுக்குப் போகாது, ரிசீவர்தான் தாங்கும். ஆகவே ரிசீவரின் கையேட்டில் அதன் உச்ச வோல்டேஜ் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஃப்ளாஷைத் தயார் செய்தல்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஏஏ பேட்டரி போடும் ஸ்பீட்லைட்டுக்கு (கேமரா தலையிலும் மாட்டக்கூடிய சிறிய ஃப்ளாஷ்) நான்கு வேண்டும், நான்கும் ஒரே பிராண்டு, ஒரே வயது, ஒன்றாகச் சார்ஜ் ஆனவை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் வாங்குங்கள். அதில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 1.5 வோல்ட் ஆல்கலைனைவிட பலவீனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ளாஷ் கேட்பது ஒரே நேரத்தில் நிறைய கரண்ட். அதைக் கொடுக்க ரீசார்ஜபிளால் முடியும். ஆல்கலைன் அந்தச் சுமையில் மூச்சு வாங்கும், இரண்டு முழுப் பவர் அடிக்கு நடுவே காத்திருக்கும் நேரம் ஷூட் போகப் போக நீண்டுகொண்டே வரும். போதாததற்கு, உள்ளே விட்டுவைத்தால் கசிந்து தொடர்புகளை அரித்துவிடும்.

அடுத்தது மோடு. இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள், காரணம் ஃப்ளாஷில் ரேடியோ உள்ளேயே இருக்கிறதா, வெளியே ரிசீவர் மாட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அமைப்பு தலைகீழாக மாறும்.

ரேடியோ உள்ளேயே இருந்தால் ஃப்ளாஷை ரேடியோ ஸ்லேவ் நிலைக்கு, அதாவது ரேடியோ உத்தரவைக் கேட்டு அடிக்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். வயர்லெஸ் பொத்தானை அழுத்த அழுத்த நிலைகள் ஒவ்வொன்றாக மாறும். பல ஃப்ளாஷ்களில் ஆப்டிகல் மாஸ்டர், ஆப்டிகல் ஸ்லேவ், ரேடியோ மாஸ்டர், ரேடியோ ஸ்லேவ் என்று நான்கும் இருக்கும். ஆப்டிகல் என்றால் ரேடியோவுக்குப் பதில் ஒளி வழியாக, மாஸ்டர் என்றால் உத்தரவிடுவது. ரேடியோவுக்கு அலை வடிவக் குறி, ஆப்டிகலுக்கு மின்னல் போன்ற வளைந்த அம்புக்குறி. மாஸ்டரும் ஸ்லேவும் எம், எஸ் என்ற எழுத்துகளால் தெரியும். கோடாக்ஸ் ஸ்பீட்லைட்கள் பலவற்றில் ஸ்லேவ் நிலைக்கு வந்ததும் திரை ஆரஞ்சு நிறமாகும். தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், நல்ல யோசனை.

வெளி ரிசீவர் மாட்டினால் ஃப்ளாஷில் வயர்லெஸ் நிலை எதுவும் வேண்டாம். சாதாரண மேனுவல் நிலையில் விடுங்கள். ஃப்ளாஷைப் பொறுத்தவரை அது கேமராவின் தலையில் உட்கார்ந்திருப்பதாகவே நினைக்கிறது. ஆப்டிகல் ஸ்லேவ் நிலையில் தெரியாமல் விட்டுவிட்டால் ரிசீவர் எவ்வளவு கத்தினாலும் பல ஃப்ளாஷ்கள் கேட்காது.

மூன்றாவது, தூக்கம். ஃப்ளாஷ்கள் பேட்டரியைக் காப்பாற்றச் சில நிமிடங்களில் தாமாகவே அணைந்துவிடும். கேமரா மேல் இருக்கும்போது ஷட்டரைப் பாதி அழுத்தினால் விழித்துக்கொள்ளும். ஸ்டாண்டில், அதுவும் ஒற்றைப் பின் ரிசீவரில் இருக்கும்போது, எழுப்ப ஆளில்லை. மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் அல்லது ஸ்டாண்ட்பை என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள். உள்ளே ரேடியோ இருக்கும் மாடல்களில் ஸ்லேவுக்கென்று தனி நேரம் இருக்கும், 30 நிமிடம் அல்லது 60 நிமிடம். 60-ஐத் தேர்ந்தெடுங்கள்.

பவரை 1/16-ல் வையுங்கள், ஃப்ளாஷின் ஜூமை (ஒளி பரவும் அகலத்தை) 35 மில்லிமீட்டருக்குக் கையால் மாற்றுங்கள். இப்போது ஃப்ளாஷின் பின்புறம் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அடித்தால் மூன்றாவது இணைப்பு சரி. அடிக்காவிட்டால் ரேடியோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பேட்டரியும் ஃப்ளாஷும்தான் பிரச்சினை.

படி 2: ரேடியோவைச் சேர்த்தல்

ட்ரிக்கரை இன்னும் கேமராவில் மாட்டாதீர்கள். கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எண்கள் பொருந்த வேண்டும். சேனல் என்பது எந்த அலையில் பேசுவது என்பது. ஐடி, அதே சேனலில் பேசும் மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரிக்கும் கடவுச்சொல் மாதிரி. குரூப், உங்கள் ஃப்ளாஷ்களையே தனித்தனியாக இயக்குவதற்கு. கோடாக்ஸின் எக்ஸ் முறையில் சேனல் 1 முதல் 32 வரை, ஐடி 1 முதல் 99 வரை. கேனனின் ரேடியோ முறையில் சேனல் 1 முதல் 15 வரை, ஐடி நான்கு இலக்கம்.

ஐடியைக் கட்டாயம் மாற்றுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் அதே மண்டபத்தில் இன்னொரு புகைப்படக்காரர் அதே முறையைப் பயன்படுத்தும்போது அவர் ஷட்டர் உங்கள் ஃப்ளாஷை அடிக்கும், உங்களுடையது அவருடையதை அடிக்கும். இருவருக்கும் ஃப்ளாஷ் ரெடியாகாத படங்கள் கலந்து வரும். காரணம் என்ன என்று இருவருமே தேடிக்கொண்டிருப்பார்கள்.

பழைய எளிய ட்ரிக்கர்களில் மெனுவுக்குப் பதில் நான்கு சின்ன டிப் சுவிட்சுகள் இருக்கும். நான்கு சுவிட்சுக்கு 16 சேர்க்கைகள். டிரான்ஸ்மிட்டரிலும் (கேமராவில் ஏறும் ட்ரிக்கர்) ரிசீவரிலும் நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நகத்தால் தள்ளும்போது ஒன்று பாதியில் நின்றுவிடுவது சகஜம். டூத்பிக்கால் தள்ளி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. டிரான்ஸ்மிட்டரில் சேனலை வையுங்கள், உதாரணமாக 11. ஐடியை 37 என்று வையுங்கள்.
2. ஃப்ளாஷிலும் அதே 11, அதே 37.
3. ஃப்ளாஷின் குரூப்பை ஏ என்று வையுங்கள்.
4. டிரான்ஸ்மிட்டரில் குரூப் ஏ ஆன் ஆகி, மோடு எம், பவர் 1/16 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு குரூப்பின் மோடு இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தால் அது அணைந்திருக்கிறது.
5. இரண்டு மீட்டர் தள்ளி நின்று டிரான்ஸ்மிட்டரின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.
6. டிரான்ஸ்மிட்டரில் பவரை 1/32-க்கு மாற்றி ஃப்ளாஷின் திரையைப் பாருங்கள். அங்கேயும் மாறினால் இணைப்பு முழுமையாக இருக்கிறது.

"இரண்டு மீட்டர் தள்ளி" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொலைதூரத்துக்கென அமைத்த ரேடியோ மிக அருகில் தடுமாறும். ஒரு மீட்டருக்குள் ஃப்ளாஷ் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது. மேஜை மேல் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து "இது பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். கோடாக்ஸ் ட்ரிக்கர்களின் மெனுவில் தூரம் என்ற அமைப்பு 1 முதல் 100 மீட்டர், 0 முதல் 30 மீட்டர் என இரண்டாக இருக்கும். பொருட்களைப் படமெடுப்பவர்கள், ஃப்ளாஷை கேமராவுக்கு அருகிலேயே வைப்பவர்கள், இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெஸ்ட் பொத்தானில் அடித்துவிட்டதா? இரண்டாவது இணைப்பும் சரி. இனி ரேடியோ மெனுவைத் தொடாதீர்கள்.

படி 3: கேமராவைத் தயார் செய்தல்

ட்ரிக்கர் ஏறுவதற்கு முன்பே கேமராவில் நான்கு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும்.

மேனுவல் மோடு. ஷட்டர் 1/160 நொடி, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100. ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப். ஆட்டோ ஐஎஸ்ஓ ஆனில் இருந்தால் கேமரா இருட்டான அறையைப் பார்த்து ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றிவிடும், ஃப்ளாஷ் அடித்ததும் முகம் வெள்ளைத்தாளாகும்.

சைலண்ட் ஷட்டர் ஆஃப். மிரர்லெஸ் கேமராக்களில் ஃப்ளாஷ் அடிக்காததற்கு முதல் காரணம் இதுதான். பெரும்பாலான மாடல்களில் முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும். மொத்த சென்சாரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் போதுமான அளவுக்குக் கிடைப்பதில்லை. அதனால் கேமராவே ஃப்ளாஷுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். ஷட்டரின் இரண்டு திரைகளில் முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக்காக இருப்பது பரவாயில்லை. சில விதிவிலக்கு மாடல்கள் இருக்கின்றன, உங்களுடையது அதுவா என்று கையேட்டைப் பாருங்கள்.

எக்ஸ்போஷர் முன்காட்சி ஆஃப். மேலே சொன்ன அமைப்பில் அறைக்குள் வ்யூஃபைண்டர் கன்னங்கரேலென்று ஆகிவிடும், ஃபோகஸ் எங்கே என்று தெரியாது. ஃப்ளாஷ் அடித்தால் எப்படி இருக்கும் என்பதைக் கேமரா முன்கூட்டிக் காட்ட முடியாதே. சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளேவின் செட்டிங் எஃபெக்ட், கேனனில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், நிக்கான் இசட் வரிசையில் லைவ் வியூவுக்கு அமைப்புகளைப் பொருத்துவது. பெயர் வேறு, வேலை ஒன்றுதான். அணைத்துவிடுங்கள்.

நான்காவது, மெனுவில் வெளி ஃப்ளாஷ் அடிப்பதைத் தடுக்கும் அமைப்பு ஏதும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்போது கேமராவையும் ட்ரிக்கரையும் ஆஃப் செய்துவிட்டு, ட்ரிக்கரை ஹாட் ஷூவில் கடைசி வரை தள்ளிப் பூட்டுங்கள். கடைசி வரை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பின்கள் பக்கத்துத் தொடர்பின் மேல் உட்காரும். சோனியின் ஷூவில் முன்பக்கம் வரிசையாக நுண்ணிய தொடர்புகள் உள்ளன, அங்கே கோணலாகச் செருகினால் பின்களே வளைந்துவிடும். வலுக்கட்டாயம் வேண்டாம், நேராகத் தள்ளுங்கள். பிறகு கேமராவை ஆன் செய்து, ட்ரிக்கரை ஆன் செய்து, ஷட்டரை அழுத்துங்கள்.

படி 4: உங்கள் சிங்க் வேகத்தைக் கண்டுபிடித்தல்

கையேட்டில் 1/200 அல்லது 1/250 என்று சிங்க் வேகம், அதாவது ஃப்ளாஷோடு சாதாரணமாகப் பயன்படுத்தக்கூடிய மிக வேகமான ஷட்டர், எழுதியிருக்கும். அது ஷூவில் நேரடியாக மாட்டிய ஃப்ளாஷுக்கான கணக்கு. ரேடியோ ட்ரிக்கர் செய்தியை அனுப்பி, ரிசீவர் வாங்கி, ஃப்ளாஷை எழுப்புவதற்குள் மில்லிநொடியில் ஒரு பங்கு கழிந்துவிடும். சிங்க் வேகத்தில் முதல் திரை முழுவதும் திறந்து முடித்ததற்கும் இரண்டாம் திரை மூடத் தொடங்குவதற்கும் இடையில் இருப்பதே அந்த அளவு நேரம்தான். தாமதமான ஃப்ளாஷ் மூடத் தொடங்கிவிட்ட திரையின் மேல் விழும், படத்தில் ஓர் இருட்டுப் பட்டை வரும்.

ஆகவே சோதித்துப் பாருங்கள். அறை விளக்குகளை அணையுங்கள், வெளிச்சம் இருந்தால் பட்டை தெரியாமல் ஏமாற்றும். எச்எஸ்எஸ் ஆஃப். வெள்ளைச் சுவரில் ஃப்ளாஷ் சீராகப் பரவும்படி வைத்து, 1/125, 1/160, 1/200, 1/250 என்று நான்கு படம் எடுங்கள். கேமராவைக் கிடையாகப் பிடித்த படத்தில் இருட்டுப் பட்டை கீழ் விளிம்பில் தோன்றும். திரை சென்சாரின் மேலிருந்து கீழாக இறங்குகிறது, லென்ஸ் போடும் பிம்பமோ தலைகீழ், அதனால் மேலே மூடுவது படத்தில் கீழே தெரிகிறது. பட்டை முதலில் தெரியும் வேகத்துக்கு ஒரு படி கீழே உள்ளதுதான் உங்கள் உண்மையான சிங்க் வேகம். விலை குறைந்த ட்ரிக்கரில் 1/160 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஸ்டுடியோ ஃப்ளாஷ்களில் முழுப் பவர் ஒளி மெதுவாகவே அடங்கும், அங்கே 1/125 பாதுகாப்பு.

படி 5: முதல் படம்

ஃப்ளாஷ் குரூப்பை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அறைக்குள் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100-ல் அது கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். அந்தக் கறுப்புப் படம்தான் உங்களுடைய வெற்றுப் பலகை. இனிமேல் படத்தில் தெரியும் ஒளியெல்லாம் ஃப்ளாஷுடையது. சுற்றுப்புறமும் கொஞ்சம் தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை மட்டும் 1/60, 1/30 என்று மெதுவாக்குங்கள். சிங்க் வேகத்துக்குக் கீழே ஷட்டரை எவ்வளவு மாற்றினாலும் ஃப்ளாஷின் ஒளி மாறாது, அது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு கண்சிமிட்டலுக்குள் முடிந்துவிடுகிறது. அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து மாற்றும்.

ஃப்ளாஷ் பவரை எங்கே தொடங்குவது? அதற்கு ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர் இருக்கிறது, அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் எண் கிடைக்கும். 35 மில்லிமீட்டர் ஜூமில் ஐஎஸ்ஓ 100-க்கு 36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது முழுப் பவருக்கு. 1/16 பவருக்கு 16-ன் வர்க்கமூலம் 4, ஆகவே 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9. ஃப்ளாஷ் ஆளிடமிருந்து 1.5 மீட்டரில் இருந்தால், 9-ஐ 1.5-ஆல் வகுக்க எஃப் 6. நாம் வைத்திருப்பது 5.6. கணக்கு கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக் குடையின் வழியாக அடித்தால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) ஒளி போய்விடும், எனவே 1/4-க்கு ஏற்றுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் கைடு நம்பர், உதாரணமாக 60, பெரும்பாலும் 200 மில்லிமீட்டர் ஜூமுக்கானது. அதை எடுத்துக் கணக்குப் போட்டால் படம் இருட்டாகத்தான் வரும்.

மற்றபடி நினைவில் நிற்க வேண்டியவை இரண்டே. பவரை இரட்டிப்பாக்கினால் ஒரு ஸ்டாப். தூரத்தை 1.4 மடங்காக்கினாலும் ஒரு ஸ்டாப், இந்த முறை இழப்பு. 1.5 மீட்டரில் இருந்த விளக்கை 2.1-க்குத் தள்ளினால் 1/16-ஐ 1/8 ஆக்க வேண்டும்.

இரண்டாவது விளக்கு

முதல் விளக்கு முழுவதும் சரியான பிறகே இரண்டாவதை ஆன் செய்யுங்கள். குரூப் பி கொடுங்கள். அதே சேனல், அதே ஐடி. பிறகு ஏ-வை அணைத்துவிட்டு பி-யை மட்டும் அடித்து ஒரு படம் எடுங்கள். பின்னணியில் அது எங்கே விழுகிறது, லென்ஸுக்குள் நேராக அடிக்கிறதா என்பதெல்லாம் தனியாகப் பார்த்தால்தான் தெரியும். நிழலை நிரப்பும் விளக்கு என்றால் முதன்மை விளக்கைவிட இரண்டு ஸ்டாப் குறைவாகத் தொடங்கலாம். அதே குடை, அதே தூரம் என்றால் ஏ 1/4-ல், பி 1/16-ல்.

மூன்றாவதாக ரேடியோ இல்லாத பழைய ஃப்ளாஷ் இருக்கிறதா? ஆப்டிகல் ஸ்லேவாக வையுங்கள். எஸ்1 என்ற நிலை மற்ற ஃப்ளாஷின் முதல் மின்னலைப் பார்த்ததும் அடிக்கும். எஸ்2 டிடிஎல்லின் முன்மின்னலை விட்டுவிட்டு இரண்டாவதற்கு அடிக்கும். நீங்கள் மேனுவலில் இருந்தால் எஸ்1. அறைக்குள் நன்றாக வேலை செய்யும். வெயிலில் நம்பாதீர்கள். மற்றவர்களின் கேமரா ஃப்ளாஷ்கள் மின்னும் இடத்திலும் வேண்டாம்.

எச்எஸ்எஸ், டிடிஎல்

வெட்டவெளியில் எஃப் 2-ல் எடுக்க 1/2000 அல்லது அதைவிட வேகமான ஷட்டர் வேண்டியிருக்கும். அங்கே எச்எஸ்எஸ். ஃப்ளாஷ் ஒரே அடியாக அடிக்காமல், திரைகளின் நடுவிலுள்ள பிளவு சென்சாரைக் கடந்து முடியும் வரை விட்டுவிட்டு மிக வேகமாக மின்னிக்கொண்டே இருக்கும். அந்த ஒளியில் பெரும்பகுதி மூடிய திரையின் மேல் விழுந்து வீணாகிறது. இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கும் மேல் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொண்டு விளக்கை அருகில் கொண்டுவாருங்கள். அறைக்குள் எச்எஸ்எஸ் ஆனில் விட்டுவைக்கக் காரணமே இல்லை.

ட்ரிக்கரில் சிங்க் பொத்தானில் எச்எஸ்எஸ் சின்னம் வர வேண்டும், கேமராவும் ஒத்துக்கொள்ள வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் கஸ்டம் செட்டிங் மெனுவில் ஃப்ளாஷ் சிங்க் வேகத்தை ஆட்டோ எஃப்பி என்று மாற்றாவிட்டால் ஷட்டர் சிங்க் வேகத்தைத் தாண்டவே செய்யாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த வசதியே இல்லை. கோடாக்ஸ் டிடி600 போன்ற ஒற்றைப் பின் ஃப்ளாஷ்கள் கேமரா தலையில் இருக்கும்போது எச்எஸ்எஸ் தராது, ரேடியோ வழியாக இயக்கினால் தரும். அவற்றுக்கு டிடிஎல் தெரியாது, அந்தக் குரூப்பை எப்போதும் எம்மிலேயே வையுங்கள்.

டிடிஎல் பற்றி ஒரே கருத்து: ஆள் நகர்ந்துகொண்டே இருந்தால் அது உதவும், நிலையான இடத்தில் மேனுவல்தான் நிம்மதி. டிடிஎல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர் ஃப்ரேமுக்குள் வந்தால் பவரைக் குறைத்துவிடும். சில ட்ரிக்கர்களில் டிடிஎல் கண்டுபிடித்த பவரை அப்படியே மேனுவலாக மாற்றும் வசதி உண்டு, கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோவில் அதற்கு டிசிஎம் என்று பெயர். டிடிஎல்லில் ஒரு படம், பிறகு டிசிஎம். நல்ல குறுக்குவழி.

அடிக்கவில்லை என்றால்

மூன்று பொத்தான் சோதனையைச் செய்யுங்கள். ஃப்ளாஷின் டெஸ்ட் பொத்தான், ட்ரிக்கரின் டெஸ்ட் பொத்தான், ஷட்டர். எந்தப் பொத்தானில் நிற்கிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு.

ட்ரிக்கர் பொத்தானில் அடிக்கிறது, ஷட்டரில் அடிக்கவில்லை: ரேடியோ நன்றாக இருக்கிறது. சைலண்ட் ஷட்டர், ஷூவில் முழுதாகச் செருகாதது, அழுக்கேறிய தொடர்பு, இந்த வரிசையில் பாருங்கள். தொடர்புகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும். ஒற்றைப் பின் ட்ரிக்கருக்கு மின்சுற்றின் மறுமுனை ஷூவின் பக்கவாட்டுத் தடம்தான், அதில் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ட்ரிக்கரை லேசாகப் பக்கவாட்டில் அழுத்தியபடி ஷட்டரை அழுத்துங்கள். அப்போது மட்டும் அடித்தால் காரணம் அதுவே.

சில படங்களில் அடிக்கிறது, சிலவற்றில் இல்லை: முதல் சந்தேகம் ஃப்ளாஷ் ரெடியாகும் முன் அடுத்த படம் எடுப்பது. பவரை ஒரு ஸ்டாப் இறக்கி, ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். அப்போது விடுபடுவது நின்றால் ரேடியோவில் குறையில்லை. நிற்காவிட்டால் ட்ரிக்கர் பேட்டரி, அதன் பிறகு சேனல். வைஃபை நெரிசலான கட்டடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் திணறும். ட்ரிக்கரில் ஸ்கேன் வசதி இருந்தால் காலியான சேனலைக் காட்டும், இல்லாவிட்டால் ஐந்தாறு சேனல் தள்ளிப் போங்கள்.

தூரத்தில் விடுபடுகிறது: மனித உடம்பில் தண்ணீர் அதிகம், 2.4 ஜிகாஹெர்ட்ஸை அது விழுங்கிவிடும். கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் விளக்கைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். ஃப்ளாஷை இரும்பு அலமாரி, தூண் இவற்றிலிருந்து அரை மீட்டராவது விலக்குங்கள்.

முழுப் பவரில் தொடர்ந்து அடித்த பின் ஃப்ளாஷ் மௌனமாகிவிட்டது: சூட்டுப் பாதுகாப்பு. பல ஸ்பீட்லைட்கள் முப்பது சொச்சம் முழு அடிகளுக்குப் பிறகு தாமாகவே வேகத்தைக் குறைக்கும் அல்லது நிற்கும். பத்து நிமிடம் ஆற விடுங்கள். அணைத்து ஆன் செய்து ஏமாற்றப் பார்த்தால் குழாயின் முன்னுள்ள பிளாஸ்டிக் உருகும்.

ஸ்டாண்டில் வைத்ததும் தானாக அடிக்கிறது, அல்லது கையில் வைத்தால் சரியாக வேலை செய்கிறது, ஸ்டாண்டில் மட்டும் இல்லை: ஸ்டாண்டின் பிராக்கெட்டில் உள்ள கோல்ட் ஷூவை (ஃப்ளாஷைப் பிடித்து நிறுத்த மட்டுமான ஷூ) பாருங்கள். முழு உலோகமாக இருந்தால் அது ஃப்ளாஷ் பாதத்தின் நடு பின்னையும் பக்கத் தடத்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும், ஃப்ளாஷுக்கு அது "அடி" என்ற உத்தரவு. கோல்ட் ஷூவின் தரையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.